மனைவியின் பங்கு, மகளின் சிகிச்சைக் கடன்: வேட்புமனுவில் எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 48. இருபது வருடமாகக் கட்சியில் இருக்கிறேன். சட்டமன்றத் தேர்தலில் இந்த முறை சீட் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். மச்சானோடு சேர்ந்து ரோடு காண்ட்ராக்ட் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் விலகிக்கொண்டு, என் இடத்தில் மனைவியைச் சேர்த்துவிட்டேன். நெடுஞ்சாலைத் துறை வேலைகள் இப்போதும் நடக்கின்றன. என் பெயரில் எதுவும் இல்லாததால் அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். அப்புறம், 24 வயது மகளின் சிகிச்சைக்கு மச்சான் 9 லட்சம் ரூபாயை மருத்துவமனைக்கு நேராக அனுப்பினார். பத்திரம் எதுவும் எழுதவில்லை. மகளுக்கு இனிதான் வரன் பார்க்க வேண்டும். அவள் உடம்புக்கு என்ன என்று ஊருக்குத் தெரிவதில் எங்களுக்கு விருப்பமில்லை. தம்பி மனைவி கொடுத்த வரதட்சணைப் புகாரில் நான்காவது ஆளாக என் பெயரும் இருக்கிறது. சமாதானப் பேச்சு நடக்கிறது. அம்மா எங்களோடு இருக்கிறார், அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். என் மனைவியோ, 'தேர்தலில் நிற்கப்போவது நீங்கள், என் நகையை எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும்?' என்று கேட்கிறார். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளின் உடல்நிலை ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை கடிதத்தில் தெரிகிறது. அதை உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ரோடு காண்ட்ராக்டை லேசாகக் கடந்து போயிருக்கிறீர்கள். கேட்கப் போவது அதைத்தான். வேட்புமனு வேலைக்காக என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். வீட்டுத் துக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள், வீட்டு வரவை வாசலிலேயே மறந்துவிட்டுப் போவார்கள்.

வேட்புமனுவோடு நீங்கள் கொடுக்க வேண்டியது படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம். 2002-ல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில், வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் அதைச் சுருக்கப் பார்த்து, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று தள்ளியது. அன்றிலிருந்து வேட்பாளருடைய விவரத்தோடு கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்போர் விவரமும் சேர்ந்தே போகிறது. ஆகவே உங்கள் மனைவியின் கேள்விக்குச் சட்டத்தின் பதில் ஆமாம், சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய கோபம் நியாயமானதுதான். கணவர் தேர்தலில் நிற்பதற்குத் தன் பீரோவைத் திறந்து காட்ட யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருமுறை ஒரு வேட்பாளரின் மனைவி என் அலுவலகத்தில் உட்கார்ந்து, 'சுமார் எண்பது பவுன் என்று போட்டுக்கொள்ளுங்கள்' என்றார். 'சுமார்' வேண்டாம் அம்மா என்றேன். மறுநாள் நகைகளை எடைபோட்டுச் சீட்டோடு வந்தார்கள். அறுபத்து மூன்றுதான் இருந்தது. மீதி எங்கே என்று கணவர் அவர் முகத்தைப் பார்க்க, அவர் ஜன்னலைப் பார்த்தார். விஷயம் இதுதான்: மகன் படிப்புக்காகக் கொஞ்சம் வங்கியில் அடகில் இருந்தது, கணவருக்கே தெரியாது. அடகில் இருந்தாலும் அது உங்கள் நகைதான். சொத்துப் பக்கத்தில் எடையோடும் மதிப்போடும் எழுத வேண்டும், அதன் பேரில் வாங்கிய கடனைக் கடன் பக்கத்தில் எழுத வேண்டும். தேர்தலால் நேர்ந்த ஒரே நன்மை, அந்த வீட்டில் கணக்கு நேரானது.

சரி, காண்ட்ராக்டுக்கு வருவோம். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, நீங்கள் ஒன்றைத்தான் பார்க்கிறீர்கள்.

முதலாவது, நீங்கள் நிற்கவே முடியுமா என்பது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, தன் தொழில் முறையில் அரசுக்குப் பொருள் வழங்கவோ வேலை செய்யவோ ஒப்பந்தம் போட்டு அது நடப்பில் இருந்தால், அவர் போட்டியிடத் தகுதியில்லை என்கிறது. சட்டமன்றத் தேர்தலுக்கு அது மாநில அரசோடு போட்ட ஒப்பந்தம். நெடுஞ்சாலைத் துறை மாநில அரசுதான். மனைவி பெயரில் இருக்கும் பங்கு மட்டும் உங்களைத் தகுதி இழக்கச் செய்யாது; பிரிவு பேசுவது வேட்பாளரே போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி. நான் பயப்படுவது வேறு இடத்தில். இப்போது நடக்கிற வேலைகளில் ஏதாவது, நீங்கள் பங்குதாரராக இருந்த காலத்தில் கையெழுத்தானதா? அப்படியென்றால் அது நீங்கள் போட்ட ஒப்பந்தமும்தான். நீங்களும் மச்சானும் வீட்டில் உட்கார்ந்து விலகல் பத்திரம் எழுதிக்கொண்டதால் துறையோடு உள்ள உங்கள் கட்டு அவிழ்ந்துவிடாது. இரண்டு பேர் சேர்ந்து போட்ட முடிச்சை ஒருவர் மட்டும் அவிழ்க்க முடியாதில்லையா? நீங்கள் விலகியதைத் துறைக்கு எழுதிக் கொடுத்தீர்களா, துறை அதை ஏற்றுப் பதில் தந்ததா, பதிவு பெற்ற நிறுவனம் என்றால் அங்கே உங்கள் பெயர் நீக்கப்பட்டதா, வங்கி உத்தரவாதத்தில் இன்னும் உங்கள் கையெழுத்து நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தகுதி பார்க்கப்படுவது மனு பரிசீலனை நாளன்று. அதற்கு முந்தின வாரம் ஓடினால் எந்த அலுவலகத்திலும் காகிதம் கிடைக்காது. இன்றே தொடங்குங்கள்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. உங்கள் பக்க வேலை முழுதும் முடிந்து, அரசு பணம் தருவது மட்டும் பாக்கி என்றால், அந்த ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. பில் பாக்கிக்காக யாரும் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, நிற்க முடியும் என்றாலும் சொல்ல வேண்டுமா என்பது. இங்கே உங்கள் நண்பர்கள் முழுக்கத் தவறு. 2018 பிப்ரவரியில், லோக் பிரஹரி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், சொத்து எவ்வளவு என்று சொன்னால் போதாது, அது எந்த வழியில் வந்தது என்றும் சொல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வேட்பாளர், மனைவி, சார்ந்திருப்போர் எல்லோருக்கும் இது பொருந்தும். இப்போதைய படிவத்தில் வருமான வழிக்கு ஓர் இடம் இருக்கிறது. அதற்குக் கீழேயே அரசோடும் பொது நிறுவனங்களோடும் உள்ள ஒப்பந்தங்களுக்குத் தனி இடம் இருக்கிறது. உங்களுடையது, மனைவியுடையது, சார்ந்திருப்போருடையது என்று அதோடு நிற்கவில்லை. நீங்களோ மனைவியோ பங்குதாரராக இருக்கும் கூட்டு நிறுவனம், பங்கு வைத்திருக்கும் தனியார் கம்பெனி, தொடர்புள்ள அறக்கட்டளை எல்லாவற்றின் ஒப்பந்தங்களையும் கேட்கிறது. உங்களைப் போலப் பங்கை மனைவி பெயருக்கு மாற்றுகிறவர்களை மனதில் வைத்துத்தான் அந்த வரிகளை எழுதினார்கள் போலிருக்கிறது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொருத்தமான வழக்கு மகாராஷ்டிரத்தில் நடந்தது. 2004-ல் அம்பர்நாத் தொகுதியில் ஜெயித்த கிசன் சங்கர் கதோரே மின்கட்டண பாக்கியையும், மனைவி பெயரில் இருந்த பங்களாவையும் வாகனத்தையும், கூட்டு நிறுவனத்தின் சொத்தையும் காட்டவில்லை. வெற்றி செல்லாது என்ற தீர்ப்பை 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்தே வெகுநாள் ஆகியிருந்தது! இருந்தாலும் அவர் பெயரைச் சொன்னாலே இன்றைக்கும் வக்கீல்களுக்கு நினைவு வருவது அந்த வழக்குதான். போதாக்குறைக்கு, தெரிந்தே மறைத்தாலோ பொய் சொன்னாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்து அந்த 9 லட்சம். பத்திரம் இல்லை என்பதால் கடன் இல்லை என்றாகாது. மருத்துவமனைக் கணக்குக்குப் போன பணம் வங்கியில் பதிவாகியிருக்கிறது. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தால் அது கடன். தனி ஆளிடம் வாங்கிய கடனையும், கொடுத்தவர் பெயர், தொகையோடு எழுதச் சொல்கிறது படிவம். எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. 'மைத்துனரிடம் பெற்ற கைமாற்றுக் கடன், 9,00,000 ரூபாய்' என்று எழுதினால் முடிந்தது. மருத்துவமனை பெயரோ நோயின் பெயரோ அந்தப் படிவத்தின் எந்த மூலையிலும் தேவையில்லை. மகளுக்கு வருமானம் இல்லையென்றால் சார்ந்திருப்போர் பத்தியில் அவள் பெயர் வரும், சேமிப்புக் கணக்கு வரும். அவ்வளவுதான். மேடையில் யாராவது கேட்டால், 'என் மகள் தேர்தலில் நிற்கவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மச்சான் எந்தக் கணக்கிலிருந்து அனுப்பினார்? அவருடைய சொந்தக் கணக்கா, நிறுவனத்தின் கணக்கா? நிறுவனக் கணக்கு என்றால் கடன் கொடுத்தது மச்சான் அல்ல, நெடுஞ்சாலைத் துறையிடம் பில் வாங்குகிற நிறுவனம். படிவத்தில் எழுத வேண்டிய பெயர் மாறும். உங்கள் எதிராளி கையில் கிடைக்கிற விஷயமும் மாறும். உங்களுக்கு அது மகளைக் காப்பாற்றிய பணம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு, அரசு ஒப்பந்ததாரர் வேட்பாளருக்குக் கொடுத்த 9 லட்சம். இரண்டும் உண்மைதான். முதலிலேயே நீங்களே எழுதிவிட்டால் அது கடன் பத்தியில் ஒரு வரி. மூன்று மாதம் கழித்து இன்னொருவர் கண்டுபிடித்தால் அதற்குப் பெயர் வேறு. அப்போது அதை விளக்குவதற்காகவே மகளின் நோயை மேடையில் சொல்ல வேண்டிய நிலைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். கடனைச் சொல்வதுதான் நோயைச் சொல்லாமல் காக்கும்.

தம்பி மனைவியின் புகார். 'குடும்ப விவகாரம்' என்ற சொல் இதில் செல்லாது. முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் இருந்து வழக்கு நிலுவையில் இருந்தால், எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, நீதிமன்றம் எல்லாம் எழுத வேண்டும். சமாதானப் பேச்சு நடப்பது வழக்கு முடிந்ததற்குச் சமமில்லை. உயர் நீதிமன்றம் ரத்து செய்தாலோ, விசாரணை நீதிமன்றம் முடித்து வைத்தாலோதான் முடிந்தது. நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தலில் 2006-ல் ஜெயித்தவர், தன் மீதிருந்த வழக்குகளில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றவற்றை விட்டுவிட்டார். தேர்தல் செல்லாமல் போனது. 2015-ல் கிருஷ்ணமூர்த்தி எதிர் சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி மறைப்பது வாக்காளர் மீது தகாத செல்வாக்குச் செலுத்துவதாகும் என்றது. ஊராட்சி அளவிலேயே இப்படி என்றால் சட்டமன்றத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

இதை இன்றே உங்கள் கட்சிக்கும் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. நிலுவை வழக்குள்ளவரை நிறுத்தினால் கட்சியும் அதை வெளியிட வேண்டும், ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்களும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் தர வேண்டும். மாவட்டச் செயலாளருக்குப் படிவத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்றால், அதற்குப் பிறகு அவர் உங்களோடு எப்படிப் பேசுவார் என்று உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கின் விவரத்தை மட்டும் எழுதுங்கள், சொல்லுங்கள். தம்பி மனைவி எப்படிப்பட்டவர் என்ற கதையை எந்த மேடையிலும் தொடாதீர்கள். அது படிவத்தில் இல்லாத விவரம், உங்களுடையதும் அல்ல.

அம்மா விஷயம் லேசானது. சார்ந்திருப்போர் என்றால் தனி வருமானம் இல்லாமல் உங்களை நம்பி வாழ்கிறவர்கள் என்று படிவமே விளக்குகிறது. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்குத் தனி வருமானம் இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் அவர் அந்தப் பத்தியில் வர மாட்டார். அவர் பெயரில் நீங்கள் பணம் போட்டு வாங்கிய மனை ஏதாவது இருந்தால் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், அது வேறு கதை.

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்ட வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் தேஜு தொகுதியில் 2019-ல் ஜெயித்த கரிகோ கிரியின் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவி, மகன் பெயரில் பதிவில் இருந்த மூன்று வண்டிகளைக் காட்டவில்லை என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. வண்டிகள் மனுவுக்கு முன்பே கைமாறிவிட்டன, பதிவேட்டில்தான் பெயர் மாறவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பதவியைத் திருப்பித் தந்தது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வேட்பாளர் அறிவிக்க வேண்டியதில்லை, பொது வாழ்க்கைக்குத் தொடர்பில்லாததில் அவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. கைக்கடிகாரத்தையே உதாரணம் காட்டினார்கள்: விலை உயர்ந்த கடிகாரங்கள் பல வைத்திருந்தால் அது ஆடம்பர வாழ்க்கையைக் காட்டும், சொல்லத்தான் வேண்டும், நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டியிருந்தால் அதை விட்டதற்காகத் தேர்தல் போய்விடாது. இந்தத் தீர்ப்பைக் காட்டி, 'பார்த்தீர்களா, மறைக்கலாம்' என்று உங்கள் நண்பர்கள் வந்தால் ஏமாறாதீர்கள். பழைய ஸ்கூட்டர் வேறு, நடப்பில் இருக்கும் ரோடு காண்ட்ராக்ட் வேறு.

எழுதும் முறையில் ஒரு எச்சரிக்கை. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், கோடும் இழுக்காதீர்கள். 2013-ல் வந்த ரிசர்ஜென்ஸ் இந்தியா தீர்ப்பின்படி, இடத்தைக் காலியாக விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் மனுவைத் தள்ளலாம். இல்லையென்றால் 'இல்லை', பொருந்தாவிட்டால் 'பொருந்தாது', தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். கடைசி நாள் பகல் இரண்டே முக்காலுக்கு ஒருவர் மூச்சிரைக்க வந்து, மனைவியின் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்திருந்த பத்திரத்தை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மணிக்குக் கதவு மூடும். நோட்டரி இருந்தது மூன்றாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதல் நாளே போய்விடுங்கள். தப்பு இருந்தால் திருத்திப் புதுப் பத்திரம் கொடுக்க நேரம் இருக்கும்.

சட்டம் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கடன் பத்தியைத் தவிர உங்கள் மச்சான் எந்தப் பத்தியிலும் வர மாட்டார். அவர் உங்களைச் சார்ந்திருப்பவர் அல்ல. நாளை மனைவியும் நிறுவனத்திலிருந்து விலகி, கடனையும் அடைத்துவிட்டால், படிவத்தில் அந்த நிறுவனத்தின் தடமே இருக்காது. நீங்கள் ஜெயித்து, தொகுதியில் சாலை போடச் சொல்லி அமைச்சரிடம் மனு கொடுக்கும்போது, டெண்டரில் மச்சான் நிற்பார். இதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் பொருளாதார நலன்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதிலும் கேட்பது உறுப்பினரின் சொந்த நலனைத்தான், மச்சானுடையதை அல்ல. பிரிட்டனில் 2017 தேர்தலுக்குப் பின் புதிதாக வந்த எம்.பி.க்கள் உறவினரை அரசுச் சம்பளத்தில் உதவியாளராக வைத்துக்கொள்ள முடியாது. அங்கே அப்படி ஒரு விதி வருவதற்குள் எத்தனையோ மானக்கேடு நடந்து முடிந்திருந்தது. இங்கே விதிக்காகக் காத்திருந்தால் உங்கள் பதவிக்காலம் முடிந்துவிடும். ஆகவே வேட்பாளராக அறிவித்த அன்றே, 'என் மைத்துனர் அரசு ஒப்பந்ததாரர், அவருடைய நிறுவனத்தில் என் மனைவிக்கும் பங்கு உண்டு, என் தொகுதி டெண்டர்களில் அந்த நிறுவனம் கலந்துகொள்ளாது' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த மூன்றாவது வாக்கியத்துக்கு மச்சான் சம்மதிக்க வேண்டும். மகளுக்காக 9 லட்சம் கொடுத்தவரிடம் போய் இதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. அவர் முடியாது என்று சொன்னால், நிற்பதா வேண்டாமா என்பதை இன்னொரு முறை யோசிப்பது நல்லது என்பது என் கருத்து. சட்டத்தின் கருத்து அல்ல, என்னுடையது.

விலகல் பத்திரம், துறையோடு நடந்த கடிதப் போக்குவரத்து, நடப்பு வேலைகளின் ஒப்பந்தத் தேதிகள், மருத்துவமனைக்குப் பணம் போன வங்கிச் சீட்டு, முதல் தகவல் அறிக்கையின் நகல், இருவரின் ஐந்து வருட வருமான வரி விவரம், நகை எடைச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் இந்த வாரமே உட்காருங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். படிவம் 26-ல் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்துதான் வரும், அவருடைய கையெழுத்துக்கு எங்கும் இடமில்லை. அவர் தன் பத்தியை முழுக்க வாசித்து, சரி என்று சொன்ன பிறகு நோட்டரியிடம் போங்கள்.